நூறு சி.சி. புதிர்



சில மாதங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழைய மோட்டார் சைக்கிள்கள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக நின்றன. யமஹா ஆர்.எக்ஸ். 100, இந்த்-சுசுகி, கவாசாகி பஜாஜ், ஹீரோ ஹோண்டா சி.டி. 100. எல்லாமே ஜப்பானியத் தொழில் நுட்பத்தில் நம் நாட்டில் 1980-களிலும் 1990-களிலும் ஓடத் தொடங்கியவை. அவற்றின் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதிரி பாகங்களைக் காட்டிக்கொண்டும், கார்புரேட்டரைப் பற்றி வாதாடிக்கொண்டும் நின்றார்கள். என் தகப்பனாரின் பழைய சி.டி. 100 வண்டியோடு நானும் போயிருந்தேன்.

அன்று எல்லாரும் சிதம்பரம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். போக 45, வர 45. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். “ஆளுக்கு ஆள் வண்டியை மாற்றி ஓட்டிப் பார்ப்போமே” என்றார் ஒருவர். அப்படித்தான் என் நண்பரின் ஆர்.எக்ஸ். 100 என் கைக்கு வந்தது. என் வண்டி அவர் கைக்குப் போயிற்று.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. கைப்பிடியைச் சற்றுத் திருகினேன். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்தது! பின்னால் வந்த என் சி.டி. 100 கண்ணாடியில் சிறு புள்ளியாகிவிட்டது.

சிதம்பரத்தில் கீழவீதியில் காப்பி குடிக்க நின்றோம். நண்பரின் மகன், பத்தாம் வகுப்பு மாணவன், தந்தையின் பின்னால் அமர்ந்து வந்திருந்தான். அவன் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டான்.

“சார், இரண்டு வண்டியுமே நூறு சி.சி. தானே? பிறகு ஏன் ஒன்று இவ்வளவு வேகமாகப் போகிறது?”

“இவ்வளவு நல்ல வண்டியை ஏன் சார் நிறுத்திவிட்டார்கள்?”

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் ஒளிந்திருக்கிறது. வாருங்கள், தேடிப் பார்ப்போம்.

சி.சி. என்றால் என்ன?

சி.சி. என்பது கன சென்டிமீட்டர். எஞ்சினுக்குள் இருக்கும் உருளையில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு முறை ஓடும்போது அது கடக்கும் கன அளவே அந்த எஞ்சினின் ‘சி.சி.’.

ஆர்.எக்ஸ். 100-இன் உருளை விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரமும் 50 மில்லிமீட்டர். உருளையின் கன அளவுக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். 3.14 × 2.5 × 2.5 × 5 = 98 கன சென்டிமீட்டர். சி.டி. 100-க்கு விட்டம் அதே 50. ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 97 வரும். ஆக, வயிறு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

ஆனால் திறனைப் பாருங்கள். ஆர்.எக்ஸ். 100-இன் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன், அதாவது சுமார் 8 கிலோவாட் தந்தது. சி.டி. 100 தந்ததோ சுமார் 7 குதிரைத்திறன். வயிறு ஒன்றாயிருந்தும் உழைப்பு வேறு. ஏன்?

நான்கு வீச்சும் இரண்டு வீச்சும்

பிஸ்டன் உருளையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்வதை ஒரு வீச்சு என்கிறோம். சி.டி. 100-இல் இருப்பது நான்கு வீச்சு எஞ்சின். முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கி, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. இரண்டாவதில் மேலேறி அதை அமுக்குகிறது. பிளக்கில் தீப்பொறி பாய்ந்து கலவை எரிகிறது. விரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுவது மூன்றாம் வீச்சு. நான்காவதில் பிஸ்டன் மேலேறிப் புகையை வெளியே தள்ளுகிறது. வேலை நடப்பது மூன்றாம் வீச்சில் மட்டுமே. அதாவது எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் ‘சம்பளம்’. ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இது.

ஆர்.எக்ஸ். 100-இல் இருப்பது இரண்டு வீச்சு எஞ்சின். இதில் பிஸ்டனின் மேல்பக்கத்துக்கும் வேலை உண்டு. கீழ்ப்பக்கத்துக்கும் வேலை உண்டு. பிஸ்டன் மேலே ஏறும்போது, மேல்பக்கம் கலவையை அமுக்குகிறது. அதே நேரத்தில் கீழே உள்ள கிராங்க் அறையில் இடம் அதிகமாகி அழுத்தம் குறைகிறது. புதுக் கலவை அங்கே நுழைகிறது. தீப்பொறி பாய்ந்ததும் பிஸ்டன் கீழே வருகிறது. வரும் வழியில் உருளையின் சுவரில் உள்ள போக்குவாய் முதலில் திறக்கிறது. புகை வெளியே பாய்கிறது. இன்னும் சற்று இறங்கியதும் இடைவாய்கள் திறக்கின்றன. கிராங்க் அறையில் அமுங்கிக் கிடந்த புதுக் கலவை மேலே பாய்ந்து, மீதிப் புகையைத் தள்ளிவிட்டு உருளையை நிரப்புகிறது. பிஸ்டன் மறுபடி மேலேறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சம்பளம்! கிராங்க் அறையையே காற்றடிக்கும் பம்பாக்கிக் கொள்ளும் இந்த எளிய முறையை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே உருவாக்கினார்.

இப்போது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 சுற்று. இரண்டு வீச்சு எஞ்சினில் நொடிக்கு 100 முறை தீப்பிடிக்கிறது. நான்கு வீச்சில் 50 முறைதான். முதல் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா?

அவசரப்படாதீர்கள். தீப்பிடிப்பது இரு மடங்கு என்றால் திறனும் இரு மடங்காக, 14 குதிரைத்திறனாக இருக்கவேண்டுமே! கிடைப்பது 11 தானே? மீதி எங்கே போயிற்று? இந்த ‘மீதி’யைத் தேடிப் போனால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்கு முன் இன்னும் இரண்டு உறுப்புகளைப் பார்த்துவிடுவோம்.

சீவாளியும் வால்வும்

கிராங்க் அறைக்குள் நுழைந்த கலவை, பிஸ்டன் கீழே இறங்கும்போது வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்பிவிடக் கூடாது. அதைத் தடுக்க ஆர்.எக்ஸ். 100-இல் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. மெல்லிய எஃகு இதழ்கள் வாசலில் பொருத்தப்பட்டுள்ளன. உள்ளே அழுத்தம் குறைந்தால் அவை வளைந்து திறக்கும். கூடினால் ஒட்டி மூடிக்கொள்ளும். தள்ளவோ இழுக்கவோ யாரும் தேவையில்லை; காற்றின் அழுத்தமே கதவைத் திறந்து மூடுகிறது.

சிதம்பரம் கோயில் வீதிகளில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். வித்துவானின் மூச்சுக்கு ஏற்பச் சீவாளியின் இரு நாக்குகளும் நொடிக்குப் பல நூறு முறை திறந்து மூடுகின்றன. அதே தத்துவம்தான் இங்கும்! தற்செயலாகவோ என்னவோ, யமஹா என்ற பெயரும் இசைக் கருவியிலிருந்து வந்ததே. தோராகுசு யமஹா என்பவர் 1887-இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளியின் ஆர்கனைப் பழுது பார்த்து, பிறகு தாமே ஆர்கன் செய்யத் தொடங்கினார். அந்த ஆர்கனிலும் ஒலி எழுப்புவது உலோக நாக்குகளே. யமஹா வண்டியின் முத்திரையை உற்றுப் பாருங்கள். உங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள இசைக்கவைகள் மூன்று குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்.

அதே ஹமாமட்சுவில்தான் மிச்சியோ சுசுகி 1909-இல் தறி செய்யும் பட்டறை வைத்தார். சோயிச்சிரோ ஹோண்டா போருக்குப் பின், 1946-இல், இராணுவம் கழித்துப்போட்ட சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கியதும் அங்கேதான். ஆர்கன், தறி, சைக்கிள் என்று வெவ்வேறு தொழில் செய்த ஒரே ஊர்க்காரர்களின் வண்டிகள் கடலூர்க் கடற்கரையில் சந்தித்துக்கொண்டது வேடிக்கைதானே?

சைலன்சருக்குள் ஓர் எதிரொலி

என் கல்லூரி நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பெருமையாக அல்ல, வெட்கத்தோடு சொல்கிறேன். விடுதி நண்பன் ஒருவனின் ஆர்.எக்ஸ். 100-ஐ இன்னும் வேகமாக்க எண்ணி, அதன் சைலன்சரைப் பாதியில் அறுத்துவிட்டோம். “புகை தடையில்லாமல் போனால் வண்டி பறக்கும்” என்பது எங்கள் வாதம். ஊரையே எழுப்பும் சத்தம் வந்தது. ஆனால் வேகம்? முன்பு இருந்ததும் போயிற்று! பௌதிகம் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதன் காரணம் அன்று விளங்கவில்லை.

காரணம் இதுதான். இரண்டு வீச்சு எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும் நேரத்தில் போக்குவாயும் திறந்தே இருக்கிறது. சிதம்பரம் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின் படியில் ஆட்கள் இறங்க, முன் படியில் கூட்டம் நெருக்கி ஏறுகிறது. நெருக்கலில், ஏறிய சிலரும் பின் படி வழியே வெளியே தள்ளப்பட்டுவிடுகிறார்கள் அல்லவா? அதுபோலப் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடுகிறது.

ஓடியதைத் திரும்ப உள்ளே தள்ள வழி உண்டா? உண்டு. போக்குவாய் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை எதிர்மாறாகத் திரும்பி, உருளையிலிருந்து புகையை இழுக்கிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் அழுத்தமாகவே எதிரொலித்துத் திரும்பி, தப்பிய கலவையை உள்ளே தள்ளுகிறது. பின் படியில் நின்று “உள்ளே போங்க, உள்ளே போங்க” என்று தள்ளும் நடத்துநரின் வேலை அது!

அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்பவேண்டும். நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் நொடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லிநொடி. போக்குவாய் ஏறத்தாழ அரைச் சுற்று நேரம், அதாவது 4 மில்லிநொடி திறந்திருக்கிறது எனக் கொள்வோம். சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். 4 மில்லிநொடியில் ஒலி ஓடும் தூரம் 2 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 2 மீட்டர் என்றால், எதிரொலிக்கும் இடம் ஏறத்தாழ 1 மீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆர்.எக்ஸ். 100-இன் நீண்ட சைலன்சரைப் பாருங்கள். அந்த நீளம் அழகுக்காக வைத்ததன்று என்பது புரியும். நாங்கள் அறுத்தெறிந்தது சைலன்சரை அல்ல, எதிரொலியை!

இதே கணக்கு இன்னொன்றையும் விளக்குகிறது. சுற்று பாதியாகக் குறைந்தால் போக்குவாய் 8 மில்லிநொடி திறந்திருக்கும். அலையோ 4 மில்லிநொடியிலேயே, வேளை கெட்ட வேளையில், வந்துவிடும். அதனால்தான் இவ்வகை வண்டி மெதுவாகப் போகையில் சோம்பலாகவும், குறிப்பிட்ட சுற்றைத் தொட்டதும் திடீரெனத் துள்ளுவதாகவும் இருக்கிறது.

இந்த அலை நுட்பத்தை 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடன் செம்மையாக்கினார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது நாட்டை விட்டுத் தப்பி, சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். நுட்பமும் அவரோடு ஜப்பானுக்குப் போயிற்று. மறு ஆண்டே, 1962-இல், சுசுகியின் 50 சி.சி. வண்டியில் அவர் உலகப் பட்டம் வென்றார். காடனுக்கோ உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை.

மீதி எங்கே போயிற்று?

எத்தனை எதிரொலி உதவினாலும், தப்பும் கலவை முழுவதையும் பிடிக்க முடியாது. கார்புரேட்டர் வைத்த சாதாரண இரண்டு வீச்சு எஞ்சின்களில் புதுக் கலவையில் கால் பங்குக்கும் மேலேகூட எரியாமல் வெளியேறுவதுண்டு. நாம் தேடிய ‘மீதி’யில் பெரும்பகுதி இதுவே.

இன்னொரு குறையும் உண்டு. கிராங்க் அறை வழியே கலவை போவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே எண்ணெயையும் பெட்ரோலோடு சேர்த்தே உள்ளே அனுப்பவேண்டும். அதுவும் அரைகுறையாக எரிந்து நீலப் புகையாக வெளிவரும்.

அன்று சிதம்பரத்தில் அந்த மாணவனிடம் நான் விடையைச் சொல்லவில்லை. “ஊர் திரும்பியதும் அளந்து பார்” என்றேன். காலையில் இரு தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பியிருந்தோம். கடலூர் திரும்பியதும் மறுபடி நிரப்பினோம். என் சி.டி. 100-க்கு 1.4 லிட்டர் பிடித்தது. ஆர்.எக்ஸ். 100-க்கு 2.25 லிட்டர். அவன் தாளில் கணக்குப் போட்டான்: ஒன்று லிட்டருக்கு 64 கிலோமீட்டர், மற்றது 40. லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வீதம் எண்ணெய் என்று கொண்டால், 45 மில்லிலிட்டர் எண்ணெய், அதாவது ஒன்பது சிறு தேக்கரண்டி. அவ்வளவும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே எரிந்தும் எரியாமலும் காற்றில் கலந்துவிட்டது.

“வழியில் நடந்துபோன பிள்ளைகள் அதைத்தானே சார் மூச்சில் இழுத்திருப்பார்கள்?” என்றான் மெதுவாக.

ஆம். அவன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அவனே விடை சொல்லிவிட்டான். எரியாத பெட்ரோல் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து ஓசோனை உண்டாக்குகிறது. இந்தியாவில் 1991-இல் தொடங்கிய புகைக் கட்டுப்பாடுகள் 1996-இலும் 2000-இலும் கடுமையாயின. 1985-இல் பிறந்த ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றது. ஓசூரில் 1984-இல் தொடங்கிய இந்த்-சுசுகியின் காலமும், 1986-இல் வந்த கவாசாகி பஜாஜ் கே.பி. 100-இன் காலமும் முடிந்தன. மெதுவாகப் போகும் நான்கு வீச்சு வண்டியே நிலைத்தது.

அப்படியானால் இரண்டு வீச்சு எஞ்சின் மோசமான கண்டுபிடிப்பா? இல்லை! கடலில் தொலைவில் போகும் பெரிய சரக்குக் கப்பல்களில் பலவற்றை இயக்குவது இரண்டு வீச்சு டீசல் எஞ்சின்களே. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியை அவை வேலையாக மாற்றுகின்றன. அங்கே உருளையைக் கழுவி நிரப்புவது வெறுங்காற்று. வாய்கள் மூடிய பிறகே எரிபொருள் உள்ளே பீச்சப்படுகிறது. தப்பினால் தப்புவது காற்று மட்டுமே. ஆகவே குறை, வீச்சு இரண்டு என்பதில் இல்லை. பெட்ரோலை முன்கூட்டியே காற்றோடு கலந்து அனுப்பியதில்தான்.

பழைய வண்டியை என்ன செய்வது?

சொந்த வண்டிகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். நண்பரின் வண்டிக்கு அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிக்கே ‘விண்டேஜ்’ என்ற தகுதி உண்டு. 1985-இன் முதல் ஆர்.எக்ஸ். 100-கூட 2035 வரை காத்திருக்கவேண்டும்.

“அப்பா, இது தாத்தா வாங்கிய வண்டி. விற்க வேண்டாம், ஆனால் தினமும் கடைக்கு எடுத்துப் போகவும் வேண்டாம்” என்றான் மகன். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு துணியை எடுத்து, கடற்காற்றின் உப்பு படிந்திருந்த தொட்டியைத் துடைத்தார். பதிவைப் புதுப்பிப்பது, தரமான எண்ணெயை அளவோடு இடுவது, சைலன்சரை அறுக்காமல் வைத்திருப்பது, எப்போதாவது மட்டும் ஓட்டுவது என்று முடிவாயிற்று. அதோடு, அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது மகனின் வகுப்பு மாணவர்கள் வந்து பார்க்கவும் ஒப்புக்கொண்டார்.

நீங்களும் உங்கள் தெருவில் உள்ள மெக்கானிக் அண்ணனிடம் பழைய பிஸ்டன் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓட்டுவதற்கு உங்களுக்கு 18 வயதாகவேண்டும். புரிந்துகொள்வதற்கு இன்றே வயது வந்துவிட்டது.

செய்து பாருங்கள்

ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில் மை கலந்த நீரை விளிம்பு வரை நிரப்புங்கள். அடி வரை செல்லும் ஒரு குழாய் வழியே சரியாக ஒரு லிட்டர் தெளிந்த நீரை மெல்ல ஊற்றுங்கள். வழியும் நீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். புட்டி முற்றிலும் தெளிந்துவிட்டதா? ஊற்றிய தெளிந்த நீரில் ஒரு பங்கு வெளியேறியும், பழைய மையில் ஒரு பங்கு தங்கியும் இருக்கும். நீர் முழுதும் கலந்துகொண்டே வழிந்தால், ஏறத்தாழ 37 விழுக்காடு மை உள்ளேயே தங்கும். வேகமாக ஊற்றினால், மெதுவாக ஊற்றினால், குழாயின் முனையை வளைத்தால் என்ன மாறுகிறது என்று குறித்து வையுங்கள். எஞ்சின் பொறியாளர்கள் இந்த ஒரு கேள்வியோடுதான் பல ஆண்டுகள் போராடினார்கள்.

சிந்திக்க

1. நான்கு வீச்சு எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடுகிறது. நொடிக்கு எத்தனை முறை தீப்பொறி பாய்ந்து வேலை நடக்கும்?

2. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடும் இரண்டு வீச்சுப் பந்தய வண்டிக்கு, எதிரொலிக்கும் இடம் 1 மீட்டரை விடக் கிட்டவா, தொலைவிலா இருக்கவேண்டும்? கணக்கிட்டுச் சொல்லுங்கள்.

3. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் 64 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும், ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோல் செலவில் எத்தனை லிட்டர் வேறுபாடு?